சாவி யார் சட்டைப் பையில்?

மேடையில் வீற்றிருக்கும் தலைவர் அவர்களே, வேலைகளை ஒதுக்கிவிட்டு வந்திருக்கும் தொழிலகப் பாதுகாப்புத் துறை அதிகாரி அவர்களே, மில் முதலாளிமார்களே, சங்கப் பொறுப்பாளர்களே, நைட் ஷிப்ட் முடித்து வீட்டுக்குக்கூடப் போகாமல் வந்திருக்கும் தோழர்களே, வணக்கம். போன மார்ச் 4, தேசியப் பாதுகாப்பு தினத்தன்றும் என்னைத்தான் பேச அழைத்தீர்கள். அந்த அன்புக்கு நன்றி.

மூன்று விஷயம் சொல்ல வந்தேன்: கரண்ட், நிறுத்திய பிறகும் மெஷினுக்குள் தங்கும் விசை, காற்றழுத்தம். 'தன் கையே தனக்கு உதவி' என்பார்கள். அந்தக் கையைப் பற்றித்தான் பேச்சு.

கோவையில் ஒரு மில்லில் நான் அப்ரண்டீஸாக இருந்தபோது, பெரிய பிட்டர் ஒருவர் இருந்தார். அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். பஞ்சை உதிர்த்துச் சுத்தம் பண்ணும் ப்ளோரூம் மெஷினில் அடைத்துக்கொண்டால், சுவிட்சை அணைத்ததோடு விட மாட்டார். போர்டைத் திறந்து பியூஸ் கம்பி மாட்டியிருக்கும் கேரியர் மூன்றையும் பிடுங்கிக் காக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். பையைத் தட்டி, "தம்பி, கரண்டு இப்ப என்கிட்ட இருக்கு" என்பார். அன்றைக்கும் அப்படித்தான் போட்டுக்கொண்டு உள்ளே கையை விட்டார். ஷிப்ட் மாறியது. புதிதாக வந்தவர் போர்டைப் பார்த்தால் பியூஸ் இல்லை. யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள் என்று நினைத்து, பக்கத்து போர்டில் இருந்ததை எடுத்துச் செருகிப் பட்டனை அழுத்தினார். அண்ணனுக்கு இரண்டு விரல் போயிற்று. ஆஸ்பத்திரியில் சட்டையைக் கழற்றும்போது மூன்று கேரியரும் தரையில் விழுந்தன. பொறுக்கி எடுத்தவன் நான்.

அவர் ஜாக்கிரதையாக இல்லையா? இருந்தார். பூட்டுதான் இல்லை. 1948-ல் வந்த தொழிற்சாலைகள் சட்டத்தின் 24-ம் பிரிவில், 1976-ல் கொண்டுவந்த திருத்தத்திலேயே, தவறுதலாக ஆன் ஆகிவிடக்கூடிய சுவிட்சைப் பூட்டி வைக்க ஏற்பாடு வேண்டும் என்று எழுதியிருந்தது. அமெரிக்காவில் 1989-ல் இதற்கென்றே தனி விதி போட்டார்கள். வேலை பார்ப்பவரே தன் பூட்டைப் போடணும், அவரே கழற்றணும்.

அப்புறம் இரண்டாவது விஷயம். பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் மெஷினில் கரண்டை நிறுத்தினாலும் சிலிண்டர் உடனே நிற்காது, சுற்றிக்கொண்டேதான் இருக்கும். நின்றதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் மூடியைத் திறக்கணும். நேரமாகிவிட்டது, தலைவர் மன்னிக்கணும், முக்கியமானதைச் சொல்லிவிடுகிறேன்.

தன் கையே தனக்கு உதவி என்றால், தன் சாவியும் தன்னிடமே இருக்கணும். முதலாளிமார்களே, ஆளுக்கு ஒரு பூட்டு கொடுங்கள். நாலு பேர் உள்ளே இருந்தால் நாலு பூட்டு தொங்கட்டும். காண்ட்ராக்ட் ஆட்களுக்கும் கொடுங்கள். அவர்களுக்கும் பத்து விரல்தான்.

இந்த மேஜை மேல் இருபது பூட்டு வாங்கி வைத்திருக்கிறேன். பெயர் எழுதி எடுத்துக்கொள்ளுங்கள். காண்ட்ராக்ட் தம்பிகள் முதலில் வரட்டும்.