புகைக்கு மதிப்பெண் போடுகிறவர்கள்

நேயர்களுக்கு வணக்கம். குலசேகரம் பக்கத்தில் ரொம்ப வருடம் ரப்பர் ஷீட் தரம் பிரித்தவன் நான். என்னைக் கூப்பிட்டு சுருட்டைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள் என்றால் தப்பு என்னுடையதுதான். வானொலி நிலையத்து நண்பர் ஒருவரிடம் டீக்கடையில் வாயைக் கொடுத்துவிட்டேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சுருட்டுப் பிடிக்கிறவன் இல்லை. புகையை நெஞ்சுக்குள் இழுக்காமல் வாயோடு நிறுத்தினாலும் வாய்ப்புற்று வரலாம். யாரும் இதைக் கேட்டுவிட்டுக் கடைக்குப் போக வேண்டாம். எனக்கு அதில் பிடித்தது மார்க் போடும் விதம் மட்டும்தான்.

மஸ்கட்டில் இருந்த என் மச்சான் ஒரு லீவுக்கு வந்தபோது 'சிகார் அஃபிசியனாடோ' என்று ஒரு பத்திரிகை கொண்டுவந்தார். 1992இல் அமெரிக்காவில் தொடங்கியது. புரட்டினால், சுருட்டுக்கு மார்க்! 88, 91, 93 என்று பத்தாம் வகுப்பு ரிசல்ட் மாதிரி. நம் தாத்தாமார் தோப்பு வேலை முடித்துத் திண்ணையில் பற்ற வைத்தார்களே, அந்தச் சுருட்டுக்கு. ஆங்கிலத்தில் 'செரூட்' என்கிற வார்த்தையே நம்முடைய 'சுருட்டு' போய் ஆனதுதான், தெரியுமா?

எப்படிப் போடுகிறார்கள் என்று பார்த்தேன். தோற்றத்துக்கும் கட்டுக்கும் 15. மேலே சுற்றிய இலையில் நரம்பு புடைத்திருக்கிறதா, விரலால் அமுக்கினால் எங்காவது பொள்ளலாக இருக்கிறதா என்று பார்ப்பது. ருசிக்கு 25. எரிகிற லட்சணத்துக்கு 25: வட்டம் சீராக எரிகிறதா, ஒரு பக்கம் மட்டும் ஓடுகிறதா, இழுத்தால் புகை தாராளமாக வருகிறதா, இல்லை கன்னம்தான் குழிகிறதா. மிச்சம் 35? அது 'மொத்தத்தில் எப்படி' என்பதற்கு. பெரிய பங்கு அதற்குத்தான். எனக்குச் சிரிப்பு வந்தது. ஷீட்டில் குமிழி, அழுக்கு, பூஞ்சைப் பூப்பு எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்துவிட்டு, கடைசியில் ஒரு தடவை தூக்கிப் பிடித்து 'சரி, நாலு' என்று நானும் சொல்லியிருக்கிறேனே. ஷீட்டுக்குத் தரம் நம்பரில்தான், ஆனால் நம்பர் ஏற ஏறத் தரம் குறைவு.

95க்கு மேல் போனால் அபூர்வம். 90க்கு மேல் பிரமாதம். 80க்கு மேல் நல்லது. 70 என்றால் சுமார். அதற்கும் கீழே என்றால் காசை வீணாக்காதே என்று அர்த்தம். நம் பள்ளிக்கூடத்து எழுபது வேறு, இந்த எழுபது வேறு. ஒயினுக்கு ராபர்ட் பார்க்கர் என்பவர் பிரபலமாக்கிய நூறு மார்க் கணக்கில் பாட்டில் வந்து நின்றாலே 50 உண்டு. சுருட்டுக்காரர்களும் அந்த நூறைத்தான் பிடித்துக்கொண்டார்கள்.

ஆனால் என்னைப் பிடித்து உட்கார வைத்தது வேறு. சுருட்டின் இடுப்பில் கம்பெனிப் பேர் போட்ட காகிதப் பட்டை இருக்குமே, அதைக் கழற்றிவிட்டு, நம்பர் மட்டும் போட்ட வெள்ளைப் பட்டையைச் சுற்றிக் கொடுக்கிறார்கள். பிடிக்கிறவருக்கு அது எந்தக் கம்பெனி, என்ன விலை, ஒன்றும் தெரியாது. பேரை மறைத்துவிட்டு மார்க். இதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்லுவேன், பேரை மறைத்துவிட்டு.

ஏன் என்றால், நான் பையனாக இருந்தபோது அப்பா சைக்கிள் கேரியரில் ஷீட் கட்டிக்கொண்டு ஒரு கடைக்குப் போவார், நான் பின்னால் தள்ளிக்கொண்டே போவேன். ஷீட்டைப் புகையில் காயவைக்கிற புகைப்புரை எங்களுக்குச் சொந்தமாகக் கிடையாது. பக்கத்துத் தோட்டத்துப் புரையில், அவர்கள் ஷீட்டுக்குப் பக்கத்திலேயே எங்களுடையதும் தொங்கும். ஒரே கதம்பைப் புகை, அதாவது தேங்காய் மட்டைப் புகை, ஒரே நாள் கணக்கு. கடைக்காரர் வாசல் வெளிச்சத்தில் எங்கள் ஷீட்டைத் தூக்கிப் பார்ப்பார். "அண்ணே, இது அஞ்சுதான்." தோட்டத்து ஷீட்டு எப்போதும் நாலு. அஞ்சுக்கும் நாலுக்கும் உள்ள வித்தியாசம் எங்கள் வீட்டில் அரிசியாகத் தெரியும்.

ஒரு வாரம் அம்மா, தோட்டத்துக் கங்காணி அண்ணனிடம் சொல்லி, எங்கள் ஷீட்டு பத்தை அவர்கள் கட்டுக்குள் வைத்து அனுப்பினாள். ஓரத்தில் ஊசியால் சின்னதாக ஒரு துளை அடையாளம். அன்றைக்கு நான் அந்தக் கடை வாசலில் சும்மா நிற்கிற மாதிரி நின்றேன். ஒவ்வொன்றாகத் தூக்கினார். துளை போட்ட ஷீட்டு வந்தது. வெயில் அந்தத் துளை வழியாக என் கண்ணில் குத்தியது. "நாலு" என்றார். அடுத்ததும் நாலு. பத்தும் நாலு!

அப்பாவிடம் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை, கடையை மாற்றினார். பின்னால் நானே தரம் பிரிக்கிற வேலைக்கு வந்தபோது, கட்டுக்குச் சாக்பீசில் நம்பர் போட்ட பிறகுதான் என் முன்னால் கொண்டுவர வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். கிறுக்கன் என்றார்கள். மச்சானின் பத்திரிகையைப் பார்த்தபோது, அமெரிக்காவிலும் நாலு கிறுக்கர்கள் இருக்கிறார்கள் என்று சந்தோஷமாக இருந்தது.

ருசி எழுதுகிற விதத்தில்தான் எனக்குச் சண்டை. மிளகு, காப்பி, கொக்கோ, சரி. தோல் என்று எழுதுகிறார்களே, தோலை யார் தின்று பார்த்தது? ஆனால் என்னையும் கண்ணைக் கட்டிவிட்டால் கதம்பைப் புகையில் காய்ந்த ஷீட்டு எது, ரப்பர் விறகுப் புகையில் காய்ந்தது எது என்று மூக்கால் சொல்லுவேன். அதை எழுதச் சொன்னால் நானும் இப்படித்தான் எதையாவது எழுதியிருப்பேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து இரண்டு விரல் காட்டுகிறார்கள். சுருட்டை மூன்று பாகமாகப் பிரித்துப் பாகத்துக்குப் பாகம் ருசி எழுதுவது, கடைசிப் பாகத்தில் சூடேறிக் காரம் கூடுவது, சாம்பல் உதிராமல் நிற்பது, இதெல்லாம் பேச வேண்டும் என்றுதான் வந்தேன். மட்டிப்பழத்தையும் ரசகதலியையும் கண்ணைக் கட்டி வீட்டில் மார்க் போட்டுப் பார்த்த கதை வேறு இருக்கிறது. அதில் என் மனைவி என்னைத் தோற்கடித்தாள். இப்போது ஒரு விரல்தான் தெரிகிறது. அதை இன்னொரு நாள் கூப்பிட்டால் சொல்லுகிறேன். வணக்கம்.