பொறி வைத்துப் பிடிப்பது நீதியாகாது

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, டர்பனில் நம் இந்தியர் மிகுதியாக வாழும் சாட்ஸ்வர்த்திலிருந்தும் ஃபீனிக்ஸிலிருந்தும் வந்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம். பாலியல் தொழிலை ஒடுக்குவதற்காகக் காவலர்கள் வாடிக்கையாளர் வேடத்தில் பொறி வைப்பது நீதியா, அநீதியா என்பது இன்று நம்முன் உள்ள வழக்கு. அநீதியே என்று வாதிட வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர், "புகார் கொடுக்க ஆளே இல்லாத குற்றத்தைப் பொறி வைக்காமல் வேறு எப்படித்தான் பிடிப்பது?" என்று கேட்டுக் கைதட்டல் பெற்றார். நல்ல கேள்விதான். ஆனால் புகார் கொடுக்க ஏன் ஆளில்லை என்பதை அவர் கேட்கவில்லை. வயது வந்த இருவர் தமக்குள் பேசி முடித்துக்கொண்டதில் தான் பாதிக்கப்பட்டதாக இருவரில் ஒருவரும் கருதவில்லை. அந்த வெற்றிடத்தை நிரப்பத்தான் அரசு தன் ஆளையே ஒரு தரப்பாக அனுப்பிவைக்கிறது.

சட்டம் சொல்வதைப் பார்ப்போம். தென்னாப்பிரிக்காவில் பாலுறவை விற்பது 1957-ஆம் ஆண்டின் பாலியல் குற்றச் சட்டத்தின்படி குற்றம்; அந்த விதி அச்சட்டத்தில் 1988-இல்தான் நுழைக்கப்பட்டது. வாங்குவதை 2007-ஆம் ஆண்டின் 32-ஆம் எண் சட்டத்தின் 11-ஆம் பிரிவு வெளிப்படையான குற்றமாக்கியது. பதினெட்டு வயது நிறைந்த ஒருவரைப் பணம் தருவதாகச் சொல்லிப் பாலுறவுக்கு ஏற்பாடு செய்தாலே போதும், செயல் நடந்தாலும் நடக்காவிட்டாலும் குற்றம் முடிந்துவிட்டது என்பது அப்பிரிவின் வாசகத்தின் பொருள். இப்போது ஒரு கான்ஸ்டபிள் சாதாரண உடையில் காரை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, விலை பேசுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெண் தலையசைத்த நொடியில் அவள் பொறிக்குள் சிக்குகிறாள். அதே நொடியில் கான்ஸ்டபிளின் செயலும் 11-ஆம் பிரிவின் வாசகத்துக்கு ஏறத்தாழ முழுமையாகப் பொருந்திவிடுகிறது. நல்லெண்ணத்தோடு பொறி வைத்த அதிகாரிமீது குற்றப் பொறுப்பு சாராது என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 252ஏ பிரிவு தரும் பாதுகாப்பு ஒன்றுதான் அவரைக் காப்பாற்றுகிறது. ஒரே பேச்சில் பங்குகொண்ட இருவரில் ஒருவர் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறார், மற்றவர் சாட்சிக் கூண்டில் ஏறுகிறார்.

எதிரணியினர் அந்த 252ஏ பிரிவைத் தங்கள் கேடயமாகக் காட்டினார்கள். அதை முழுவதும் படித்திருந்தால் காட்டியிருக்கமாட்டார்கள் என்று நினைக்கிறேன். 1996-இல் சேர்க்கப்பட்ட இப்பிரிவு பொறியை அனுமதிப்பது உண்மையே. ஆனால் குற்றம் செய்ய வாய்ப்பளிப்பதோடு காவலர் நின்றுகொள்ள வேண்டும், அதற்கு அப்பால் போனால் அந்தச் சாட்சியம் நீதிமன்றத்தில் ஏற்கத்தக்கதா என்பதே கேள்விக்குரியதாகிவிடும் என்கிறது. அப்படி அப்பால் போனாரா என்பதை அறிய நீதிமன்றம் பார்க்க வேண்டியவற்றையும் அதுவே அடுக்குகிறது: குற்றத்தின் தன்மை என்ன, அதைக் கண்டுபிடிக்க வேறு வழி இருந்ததா, எத்தனை முறை வற்புறுத்தினார்கள், என்ன ஆசை காட்டினார்கள், குற்றத்தைத் தொடங்கியது அதிகாரியா அல்லது நடந்துகொண்டிருந்ததில் அவர் சேர்ந்தாரா, குற்றம் சாட்டப்பட்டவரின் உணர்ச்சிகளையோ பொருளாதார நிலையையோ அவர் பயன்படுத்திக்கொண்டாரா. நடுவர் அவர்களே, இந்தக் கடைசி அளவுகோலை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வாடகை கொடுக்க வழியில்லாமல் இரவில் சாலையோரம் நிற்கும் ஒருத்தியிடம் பணத்தாளை நீட்டுவது அவளுடைய பொருளாதார நிலையைப் பயன்படுத்துவது ஆகாது என்றால், வேறு எதுதான் ஆகும்? போதைப்பொருள் கும்பலுக்கும் லஞ்சம் வாங்கும் அதிகாரிக்கும் எதிரே இந்தப் பிரிவு நியாயமாக நிற்கலாம். இந்தப் பெண்ணுக்கு எதிரே அதன் சொந்த வாசகமே அதைத் தடுக்கிறது.

இத்துறையில் நம் நாட்டின் மிகப் பெரிய வழக்கே ஒரு பொறியில் பிறந்ததுதான். 1996-இல் பிரிட்டோரியாவில் ஒரு பாலியல் தொழில் விடுதிக்குள் மாறுவேடத்தில் காவல்துறையின் ஆள் ஒருவர் நுழைந்து, பணம் கட்டி, சேவையையும் பெற்றுக்கொண்டார். விடுதி நடத்தியவர், ஊழியர், பாலியல் தொழிலாளி ஆகிய மூவர்மீது வழக்குப் பாய்ந்தது. ஜோர்டன் வழக்கு என்று அறியப்படும் அது 2002-இல் அரசியலமைப்பு நீதிமன்றத்தை எட்டியது. விற்பவரை மட்டும் சட்டம் முதன்மைக் குற்றவாளியாக்குவது பெண்களுக்கு எதிரான பாகுபாடா என்ற கேள்வியில் பதினொரு நீதிபதிகளும் ஆறுக்கு ஐந்து என்று பிரிந்து நின்றார்கள். பாகுபாடு இல்லை என்ற பெரும்பான்மையே வென்றது, மறுக்கவில்லை. ஆயினும் நீதிபதிகள் ஓ'ரீகனும் சாக்ஸும் எழுதிய மாறுபட்ட தீர்ப்பு, வாங்கும் ஆணை விட்டுவிட்டு விற்கும் பெண்மீது பழியைச் சுமத்தும் பழைய மனப்போக்கைச் சட்டமே வலுப்படுத்துகிறது என்று எடுத்துக்காட்டியது. 2007-ஆம் ஆண்டுச் சட்டம் வாங்குபவரையும் குற்றவாளியாக்கியது. ஆனால் வாங்குபவர் வேடத்தில் காவலர் வரும் பொறியில் பிடிபட வாங்குபவர் என்று ஒருவரே இல்லை. தாளில் வந்த சமத்துவம் சாலைக்கு வரவில்லை.

"பெண் காவலரை நிறுத்தி ஆண்களைப் பிடிக்கலாமே" என்று எதிரணியின் இரண்டாம் பேச்சாளர் சொன்னார். அங்கும் காரிலிருந்தவர் என்ன சொன்னார், யார் முதலில் விலை கேட்டார் என்பதற்குப் பொறி வைத்தவரின் சொல்லே பெரும்பாலும் ஆதாரமாக நிற்கும். அந்த ஆணும் வழக்கு வேண்டாம், வீட்டுக்குத் தெரியக்கூடாது என்று சட்டைப்பையைத் துழாவத் தொடங்குவார்; லஞ்சத்துக்கு இதைவிட வாகான இடம் வேறில்லை.

இங்கே அமர்ந்திருக்கும் மூத்தோருக்கு இன்னொன்றை நினைவூட்ட வேண்டியதில்லை. இன்று நாம் விவாதிக்கும் 1957-ஆம் ஆண்டுச் சட்டம் பிறந்தபோது அதன் பெயர் ஒழுக்கக்கேட்டுச் சட்டம். வெள்ளையரும் மற்றவரும் கூடுவதைத் தடுக்க அதே சட்டத்தின் பெயரால்தான் காவலர்கள் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார்கள், கதவை உடைத்தார்கள், படுக்கை சூடாக இருக்கிறதா என்று தொட்டும் பார்த்தார்கள். இனம் பார்த்துத் தடுத்த அந்தச் சட்டப் பிரிவுகள் 1985-இல் நீக்கப்பட்டன. வயது வந்தவரின் படுக்கையறையைக் காவல்துறையின் பணியிடமாகக் கருதும் பழக்கம் மட்டும் எஞ்சியிருக்கிறது. அந்த நிறவெறி ஆட்சியின் கையால் அவமானப்பட்ட நம் சமூகமே இன்று அதை ஆதரித்துப் பேசுவது எனக்கு விந்தையாக இருக்கிறது. டர்பனின் பழைய பாயின்ட் சாலைக்கு மகாத்மா காந்தியின் பெயர் சூட்டப்பட்டபோது, அங்கு நடக்கும் தொழிலை எண்ணி நம்மவர் பலர் முகம் சுளித்தார்கள். அங்கு நிற்பவர்களை எண்ணி எத்தனை பேர் முகம் வாடினார்கள் என்று தெரியவில்லை.

பிடிபட்டவர்கள்மீது வழக்காவது ஒழுங்காக நடக்கிறதா? 2009-இல் கேப் டவுன் உயர் நீதிமன்றம், வழக்குத் தொடரும் நோக்கமே இல்லாமல் பாலியல் தொழிலாளர்களைக் கைது செய்வது சட்டத்துக்குப் புறம்பானது என்று தீர்ப்பளித்து, அப்படிச் செய்யக்கூடாது என்று காவல்துறைக்குத் தடை விதித்தது. இரவு முழுவதும் அடைத்து வைத்துக் காலையில் அனுப்பிவிடும் வழக்கம் இருந்ததால்தான் அப்படியொரு ஆணை தேவைப்பட்டது. தண்டனையை மாஜிஸ்திரேட் கொடுப்பதற்கு முன்பே லாக்கப் கொடுத்துவிடுகிறது.

ஆள் கடத்தலையும் சிறுமியர் சுரண்டலையும் எதிரணி மீண்டும் மீண்டும் முன்வைத்தது. அவற்றுக்கு எதிரே ஒற்றரை அனுப்ப வேண்டாம் என்று எங்கள் அணி சொல்லவில்லை. 2013-ஆம் ஆண்டின் ஆள் கடத்தல் தடுப்புச் சட்டம் தனியே இருக்கிறது, சிறுவர்களைப் பாலியல் ரீதியாகச் சுரண்டுவதற்கு எதிரான கடும் பிரிவுகளும் தனியே இருக்கின்றன. அங்கு பாதிக்கப்பட்டவர் உண்டு, கொள்ளை லாபம் பார்ப்பவன் உண்டு, அவனைத் தேட மாதக்கணக்கான பொறுமையான புலனாய்வு வேண்டும். மூலையில் நிற்பவளைப் பிடிக்க ஒரு மாலைப் பொழுது போதும். எளிதாக முடியும் வேலைக்குக் காரையும் காவலரையும் ஒதுக்கிவிட்டு, கடினமான வேலையின் பெயரால் அதை நியாயப்படுத்துவதைத்தான் நான் எதிர்க்கிறேன். சொல்லப்போனால், கடத்திவரப்பட்ட ஒரு பெண்ணைப் பற்றி முதலில் தகவல் தரக்கூடியவர் அதே சாலையில் நிற்கும் மற்றொரு பெண்தான். நேற்று காரில் வந்து ஏமாற்றிய காவலரிடம் இன்று அவள் வாய் திறப்பாளா?

நாட்டிலேயே எச்.ஐ.வி. பரவல் மிக அதிகமாக உள்ள மாகாணங்களில் ஒன்று நம் குவாசூலு-நட்டால். கைப்பையில் ஆணுறை இருந்தால் அதுவே தனக்கு எதிரான சாட்சியாகுமோ என்று ஒருத்தி அஞ்சினால், அவள் அதை வீட்டில் வைத்துவிட்டுத்தான் வருவாள். வன்புணர்வுக்கு ஆளானாலும் காவல் நிலையப் படியேற மாட்டாள். அவளை அடித்தவனுக்கும் அது தெரியும்.

2022 டிசம்பரில் இத்தொழிலைக் குற்றப் பட்டியலிலிருந்து நீக்கும் மசோதாவை நீதித்துறை அமைச்சகம் மக்கள் கருத்துக்கு வெளியிட்டதையும், ஒழுங்குமுறை விதிகள் இல்லாமல் அது அரசியலமைப்பின் சோதனையில் தேறாது என்ற சட்ட ஆலோசனைக்குப் பின் 2023-இல் அது பின்வாங்கப்பட்டதையும் எதிரணி குறிப்பிட்டது; ஆகவே சட்டம் நிற்கிறது, அமல்படுத்தியே ஆக வேண்டும் என்றது. சட்டம் நிற்கிறது, சரி. அதே சட்டப் புத்தகத்தில் 252ஏ பிரிவும் நிற்கிறது. மணி அடித்துவிட்டது, ஒரே ஒரு கேள்வியோடு அமர்கிறேன், நடுவர் அவர்களே. அந்தப் பிரிவு கேட்கும் கேள்விகளில் ஏதேனும் இரண்டை எதிரணியின் அடுத்த பேச்சாளர் தாமே தேர்ந்தெடுத்துக்கொள்ளட்டும். இரவில் சாலையோரம் நிற்கும் அந்தப் பெண்ணுக்கு எதிரே வைத்த பொறி அவ்விரண்டிலும் தேறும் என்று இந்த மேடையில் காட்டட்டும்.