கட்டணச் சிறை சீர்திருத்தமா, சலுகையா? ‘சலுகையே’ அணியின் உரை

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

வன்முறையில் ஈடுபடாத குற்றவாளி பணம் கட்டி, கொஞ்சம் வசதியான சிறையில் தண்டனையைக் கழித்துக்கொள்வது சீர்திருத்தம் என்றார் எதிரணித் தலைவர். கலிபோர்னியாவை உதாரணம் காட்டினார். மூன்று காரணங்களும் சொன்னார். வரி கட்டுகிறவனுக்குச் சுமை குறைகிறது, கைதியின் வேலை பறிபோவதில்லை, பெரிய சிறையில் நெரிசல் தணிகிறது என்றார். நானும் கலிபோர்னியாவை விட்டு நகரப் போவதில்லை. அவர் காட்டிய இடத்திலேயே நின்று பேசுகிறேன்.

முதலில் இது எப்படி நடக்கிறது என்று அவைக்குச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் கவுன்டி என்பது ஏறக்குறைய நம் மாவட்டம் மாதிரி. சின்னக் குற்றங்களுக்குக் கிடைக்கும் ஓராண்டு வரையிலான தண்டனையைக் கவுன்டி சிறையில் கழிக்க வேண்டும். நகரச் சிறை என்பது வேறு. காவல் நிலையத்தை ஒட்டிய சின்னக் கட்டடம் அது. பிடித்து வந்தவரை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகும் வரை வைத்திருப்பதற்கான இடம். அங்கே காலியாகக் கிடந்த படுக்கைகளைத்தான் தென் கலிபோர்னியாவில் இருபதுக்கும் மேற்பட்ட நகரங்கள் நாள் கணக்கில் காசுக்குக் கொடுத்தன. சீல் பீச் நகரில் நாளொன்றுக்கு 100 டாலர் வாங்கினார்கள். வடக்கே ஃப்ரீமான்ட் நகரம் 2013-ல் இதை அறிவித்தபோது இரவுக்கு 155 டாலர் என்றது. அதற்கு மேல் ஒருமுறை கட்ட வேண்டிய 45 டாலர் தனி.

குடித்துவிட்டுக் கார் ஓட்டிய ஒருவருக்கு 30 நாள் தண்டனை என்று வையுங்கள். தண்டனை அறிவிக்கும் முன்பே அவருடைய வக்கீல் எழுந்து, என் கட்சிக்காரர் கட்டணச் சிறையில் கழிக்க அனுமதி வேண்டும் என்று கேட்க வேண்டும். நீதிபதி ஒப்புக்கொண்டால், நகரச் சிறையில் கழிக்கலாம் என்ற ஒரு வரி ஆணையில் ஏறும். அந்த வரி இல்லாமல் நகரச் சிறை வாசலுக்குப் போனால் சேர்க்க மாட்டார்கள். வரி இருந்தாலும் உடனே இடம் கிடைத்துவிடாது. விண்ணப்பம் போட வேண்டும், பழைய வழக்குகளைப் பார்ப்பார்கள், காசநோய் இல்லை என்று மருத்துவச் சான்று கேட்பார்கள், பணத்தை முன்கூட்டியே கட்டச் சொல்வார்கள். சின்னச் சிறையில் மருத்துவர் எப்போதும் இருக்க மாட்டார் என்பதால், தினமும் ஊசி, மருந்து என்று கவனிப்பு தேவைப்படுகிறவரைப் பெரும்பாலும் தட்டிக் கழித்துவிடுவார்கள். வேலைக்குப் போய்வர வேண்டுமானால் முதலாளியின் கடிதம் வேண்டும். எத்தனை மணிக்குக் கிளம்புவார், எத்தனை மணிக்குத் திரும்புவார் என்பது அதில் இருக்க வேண்டும். தாமதமாக வந்தாலோ, குடித்துவிட்டு வந்தாலோ மிச்ச நாளைக் கவுன்டி சிறையில் கழிக்க வேண்டியதுதான்.

இத்தனை படிகளில் முதல் படியைப் பாருங்கள், நடுவர் அவர்களே. வக்கீல் எழுந்து கேட்க வேண்டும். காசு கொடுத்து வைத்த வக்கீல் கேட்பார். அரசு அமர்த்திக் கொடுக்கும் வக்கீல் கையில் அன்று ஒரு கட்டு வழக்கு இருக்கும். அவர் கட்சிக்காரரிடம் நாளொன்றுக்கு 100 டாலர் இருக்காது என்று தெரிந்தும் அவர் எதற்காக அதைக் கேட்கப் போகிறார்? ஆக, பிரிவினை சிறை வாசலுக்கு வருவதற்கு முன்னால் நீதிமன்றத்திலேயே நடந்துவிடுகிறது.

எதிரணியினர் தட்டைத்திரை டிவியையும் புது மெத்தையையும் சொல்லி, இது ஒன்றும் சொகுசு இல்லையே, சாதாரண வசதிதானே என்றார்கள். டிவியைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. கைதி டிவி பார்க்கட்டும், நல்ல மெத்தையில் படுக்கட்டும். அங்கே உண்மையில் விலைக்கு விடப்பட்ட பொருட்கள் வேறு இரண்டு. ஒன்று, அடிபடாமல் தூங்குவது. மற்றொன்று, காலையில் வேலைக்குப் போய் மாலையில் திரும்புவது.

அடிபடாமல் தூங்குவதற்கு ஏன் விலை வந்தது? லாஸ் ஏஞ்சலிஸ் கவுன்டி சிறையில் காவலர்களே கைதிகளை அடித்தார்கள் என்று எஃப்.பி.ஐ. விசாரித்தது. அந்த விசாரணையைத் தடுத்த குற்றத்துக்காக 2017-ல் அந்தக் கவுன்டியின் முன்னாள் ஷெரிப், அதாவது கவுன்டியின் காவலுக்கும் சிறைகளுக்கும் தலைவராக இருந்த லீ பாக்காவுக்கே மூன்றாண்டு சிறைத்தண்டனை கிடைத்தது. அவருக்கு அடுத்த இடத்தில் இருந்த பால் டனாக்காவுக்கு ஐந்தாண்டு. அதாவது எதிரணி சொல்வது சரிதான், கவுன்டி சிறை ஆபத்தான இடம்தான். அதை நான் மறுக்கவில்லை. அந்த ஆபத்தை அரசு ஒப்புக்கொண்டு, 100 டாலர் வைத்திருப்பவருக்கு மட்டும் வெளியேறும் வழியைத் திறந்துவிட்டு, அதே குற்றத்தைச் செய்த மற்றவரை உள்ளேயே விட்டுவைக்கிறது. இருவருக்கும் சட்டப் பிரிவு ஒன்று, நாட்கள் ஒன்று. ஒருவர் மட்டும் பயந்துகொண்டே படுக்கிறார்.

சரி, வேலை பறிபோகாது என்ற வாதத்துக்கு வருகிறேன். இது எதிரணியின் வலுவான வாதம். ஆனால் வேலை பறிபோனால் யாருக்கு அதிக அடி? மாதச் சம்பளக்காரருக்கு விடுப்பு இருக்கிறது, சேமிப்பு இருக்கிறது. மணிக்கூலிக்கு ஓட்டலில் பாத்திரம் கழுவுகிறவருக்கு நான்கு நாள் வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். 2013-ல் கலிபோர்னியாவின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 8 டாலர். ஃப்ரீமான்ட் கேட்ட 155 டாலரைச் சம்பாதிக்க அந்தத் தொழிலாளி 19 மணி நேரத்துக்கு மேல் உழைக்க வேண்டும். ஓர் இரவுக்கான விலை அது. நாள் முழுக்க வேலை பார்த்தாலும் அன்றைய இரவுக்குக் கட்ட முடியாது. யாருக்கு வேலை மிக அவசரமாகத் தேவையோ அவருக்கு எட்டாத உயரத்தில் விலையை வைத்துவிட்டு, வேலையைக் காப்பாற்றும் திட்டம் என்று எப்படிச் சொல்வது?

நெரிசல் தணிகிறது என்றார்கள். கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம். லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ் பத்திரிகையும் மார்ஷல் ப்ராஜெக்ட் என்ற செய்தி நிறுவனமும் சேர்ந்து 2017-ல் ஒரு புலனாய்வை வெளியிட்டன. 2011 முதல் 2015 வரை தென் கலிபோர்னியாவில் கட்டணச் சிறையில் இருந்தவர்கள் சுமார் 3,500 பேர். ஒருவர் கட்டிய சராசரித் தொகை 1,756 டாலர். நாளுக்கு 100 டாலர் என்று கொண்டால் ஓர் ஆளுக்குப் பதினேழு பதினெட்டு நாள். ஐந்தாண்டில் 3,500 என்றால் ஆண்டுக்கு 700 பேர். 700-ஐப் பதினெட்டால் பெருக்கி 365-ஆல் வகுத்தால், எந்த நாளை எடுத்தாலும் ஏறக்குறைய 35 பேர். நாள் விலை அதில் பாதிதான் என்று கொண்டால் நாட்கள் இரட்டிப்பாகும், அப்போதும் 70 பேர்தான். அதே காலத்தில் லாஸ் ஏஞ்சலிஸ் கவுன்டி சிறைகளில் மட்டும் அன்றாடம் பதினேழு, பதினெட்டாயிரம் பேர் இருந்தார்கள். இதில் 35 பேரை எடுத்தால் நெரிசல் தணிந்துவிடுமா?

‘வன்முறையில் ஈடுபடாதவர்’ என்ற நிபந்தனையை எதிரணித் தலைவர் பலமுறை அழுத்திச் சொன்னார். அந்த நிபந்தனை எவ்வளவு உறுதியாக நின்றது என்பதையும் அதே புலனாய்வு காட்டியது. அந்த 3,500 பேரில் 160-க்கும் மேற்பட்டவர்கள் தாக்குதல், கொள்ளை, குடும்ப வன்முறை, பாலியல் குற்றம் போன்ற கடுமையான வழக்குகளில் தண்டனை பெற்றவர்கள். பாலியல் தாக்குதலுக்காக ஓராண்டு தண்டனை பெற்ற ஒருவர் 18,250 டாலர் கட்டி சீல் பீச்சில் ஆறு மாதம் இருந்துவிட்டு வெளியே போனார். இது ஏதோ ஒரு அதிகாரியின் தவறு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கைதியைச் சேர்ப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யும் நகரமேதான் அந்தக் கைதியின் பணத்தை வாங்கிக்கொள்கிறது. ஒருவரைத் திருப்பி அனுப்பினால் நகரத்துக்கு 18,000 டாலர் போய்விடும். சலித்து எடுக்கிற வேலையையும் காசு வசூலிக்கிற வேலையையும் ஒரே கையில் கொடுத்தால் சல்லடையின் கண் பெரிதாகிக்கொண்டேதான் போகும். பாதிக்கப்பட்ட பெண்ணின் பக்கத்திலிருந்து பாருங்கள். தன்னைத் தாக்கியவர் எந்தச் சிறையில் இருப்பார் என்பதை அவருடைய வங்கிக் கணக்கு முடிவு செய்திருக்கிறது.

வரி கட்டுகிறவனுக்குச் சுமை குறைகிறது என்ற வாதம் பழையது, நடுவர் அவர்களே. மிகப் பழையது. பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் சிறைகள் முழுக்க இப்படித்தான் ஓடின. நியூகேட் சிறையில் காசு கொடுத்தவருக்கு ஒரு பகுதி, இல்லாதவருக்குப் பொதுப் பகுதி. காலில் போட்ட விலங்கின் எடையைக் குறைப்பதற்குக்கூடத் தனிக் கட்டணம் இருந்தது. அரசுக்குச் செலவு குறைவு, கைதியே கட்டிக்கொள்கிறான் என்றுதான் அப்போதும் சொன்னார்கள். லண்டன் ஃப்ளீட் சிறையில் ராபர்ட் காஸ்டெல் என்ற கட்டடக் கலைஞர் கடனுக்காக அடைக்கப்பட்டார். காசு இருந்தவரை சிறைக்கு வெளியே தங்கவிட்டார்கள். கேட்ட கட்டணத்தைக் கொடுக்க முடியாமல் போனதும், சிறை அதிகாரி தாமஸ் பாம்பிரிட்ஜ் அவரைப் பெரியம்மை பரவியிருந்த ஒரு வீட்டில் அடைத்தார். 1728 டிசம்பரில் காஸ்டெல் அம்மை கண்டு இறந்தார். அவருடைய நண்பரும் நாடாளுமன்ற உறுப்பினருமான ஜேம்ஸ் ஓகில்தார்ப் பொறுக்கவில்லை; 1729-ல் நாடாளுமன்றக் குழு அமைந்தது, சிறைகளின் கணக்கு வெளியே வந்தது. விடுதலையான பிறகும் கட்டணம் கட்டாததால் உள்ளேயே கிடக்கும் கைதிகளைப் பற்றிச் சிறைச் சீர்திருத்தவாதி ஜான் ஹோவர்ட் ஊர் ஊராகப் போய்ப் பார்த்து நாடாளுமன்றத்தில் சாட்சி சொல்லி, 1774-ல் அதற்கு எதிராகச் சட்டம் வரவேண்டியிருந்தது. சிறைச் சீர்திருத்தம் என்று உலகம் சொல்லத் தொடங்கியதே கைதியிடம் காசு வாங்கும் வழக்கத்தை ஒழிக்கத்தான். எதிரணியினர் அந்த வழக்கத்தையே சீர்திருத்தம் என்கிறார்கள்.

அமெரிக்காவிலேயே இதற்கு இன்னொரு முகமும் உண்டு. பல மாநிலங்கள் சாதாரணக் கைதியிடமும் தங்கல் செலவைக் கேட்கின்றன. கனெக்டிகட் மாநிலம் நாளொன்றுக்கு 249 டாலர் என்று கணக்கு எழுதியது. வெளியே வந்த பிறகு பெற்றோரின் சொத்தோ இழப்பீடோ கைக்கு வந்தால் அரசு அதில் கை வைத்தது. எதிர்ப்பு கிளம்பியதால் 2022-ல் அந்தச் சட்டத்தின் வீச்சைக் குறைத்தார்கள். கைதி செலவைக் கட்ட வேண்டும் என்ற எண்ணத்தை ஒருமுறை ஏற்றுக்கொண்டால், அது பணக்காரரின் சொந்த விருப்பத்தோடு நிற்பதில்லை.

நம் ஊரிலும் ‘ஏ’ வகுப்பு உண்டே என்று எதிரணி நண்பர் கேட்டார். உண்டு. 1929-ல் லாகூர் சிறையில் அரசியல் கைதிகளை மனிதராக நடத்தச் சொல்லி 63 நாள் பட்டினி கிடந்து விடுதலைப் போராளி ஜதின் தாஸ் உயிர்விட்டார். அதற்குப் பதிலாக ஆங்கிலேய அரசு அடுத்த ஆண்டு கொடுத்தது அந்தஸ்தையும் படிப்பையும் வாழ்க்கைத் தரத்தையும் பார்த்து ஏ, பி, சி என்று பிரிக்கும் முறையை. அந்தப் பிரிவினையை நியாயப்படுத்த எனக்கு மனமில்லை. அதை வைத்து இதை நியாயப்படுத்தவும் முடியாது.

அப்படியானால் எல்லோரையும் நெரிசலில் தள்ளச் சொல்கிறாயா என்று கேட்பீர்கள். இல்லை. அந்தச் சின்னச் சிறைகள் இருக்கட்டும், வேலைக்குப் போய்வரும் ஏற்பாடும் இருக்கட்டும். இடம் பிரிக்கும் முறையைத்தான் மாற்றச் சொல்கிறேன். கலிபோர்னியாவே வழி காட்டியிருக்கிறது. 2021 ஜூலை 1 முதல் வேலைக்குப் போய்வரும் திட்டம், மின்னணுக் கண்காணிப்பு ஆகியவற்றுக்கு வசூலித்த நிர்வாகக் கட்டணங்கள் உட்பட 23 வகைக் கட்டணங்களை அந்த மாநிலம் சட்டம் போட்டு நீக்கியது. கட்டணம் இல்லாமலே கைதி வேலைக்குப் போய்வர முடியும் என்று மாநிலமே ஒப்புக்கொண்டுவிட்டது. கட்டணம் வாங்கியே தீர வேண்டும் என்றால், பின்லாந்து 1921 முதல் அபராதத்தைக் கணக்கிடுவதுபோல அவரவர் நாள் வருமானத்தை வைத்து வாங்கட்டும். அப்போது பாத்திரம் கழுவுகிறவருக்கும் கம்பெனி முதலாளிக்கும் ஒரே பாரம் விழும்.

நகரச் சிறையில் கழிக்கலாம் என்ற அந்த வரியை எழுதும் முன் நீதிபதி பார்க்க வேண்டியவை குற்றத்தின் தன்மை, முந்தைய வழக்குகள், பாதிக்கப்பட்டவரின் பேச்சு, வேலை செய்யும் இடத்திலிருந்து வந்த கடிதம். வக்கீல் கேட்காவிட்டாலும் தகுதியுள்ள ஒவ்வொருவருக்கும் அதை நீதிபதியே பரிசீலிக்க வேண்டும். படுக்கை குறைவாக இருந்தால் சீட்டுப் போட்டுக் கொடுக்கட்டும். எதிரணியினர் இந்த வடிவத்தில் ஒரு திட்டத்தைக் கொண்டுவந்தால் அதைச் சீர்திருத்தம் என்று முதலில் கைதூக்குவது நானாக இருப்பேன். இன்று அவர்கள் முன்வைத்தது அது இல்லை என்பதால், கட்டணச் சிறை சலுகையே என்று தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டுக்கொண்டு அமர்கிறேன். நன்றி.