ரீயூனியன் பயணம்: கிலோமீட்டரைப் பார்க்காதீர்கள், உயரத்தைப் பாருங்கள்

[திரையில்: இந்தியப் பெருங்கடல் வரைபடம். மடகாஸ்கருக்குக் கிழக்கே ஒரு சிறிய தீவு மெல்லப் பெரிதாகிறது.]

வணக்கம். இன்றைக்கு நாம் பார்க்கப் போவது ரீயூனியன் தீவு. மொரிஷியஸிலிருந்து விமானத்தில் முக்கால் மணி நேரம்தான். பிரான்ஸ் நாட்டின் ஒரு பகுதி, செலவழிப்பது யூரோவில். பரப்பளவு சுமார் 2,500 சதுர கிலோமீட்டர். கடற்கரைச் சாலையிலேயே தீவை முழுக்கச் சுற்றி வந்தாலும் 200 கிலோமீட்டருக்குச் சற்று மேல்தான் ஆகும்.

இந்தக் கணக்கைப் பார்த்ததும் பலரும் ஒரே மாதிரித் திட்டம் போடுகிறார்கள். கடற்கரையில் ஒரு ஹோட்டல் எடுத்துக்கொள்வது, வாடகைக் காரில் தினமும் ஒரு பக்கம் போய்விட்டு இரவு திரும்புவது. தயவுசெய்து அப்படிப் போடாதீர்கள். காலை உணவை முடித்து நிதானமாகக் கிளம்பி, மலை உச்சிக்குப் போய்ச் சேரும்போது பதினொரு மணி ஆகியிருக்கும். எதிரே வெள்ளையாக மேகம் மட்டும்தான் நிற்கும்.

[திரையில்: தீவின் குறுக்குவெட்டுத் தோற்றம். இருபுறமும் கடல், நடுவே செங்குத்தாக எழும் மலை.]

காரணம் தீவின் வடிவம். நடுவில் நிற்கும் பிதோன் தெ நேழ் மலையின் உயரம் சுமார் 3,070 மீட்டர். கடலிலிருந்து இருபது சொச்சம் கிலோமீட்டருக்குள் இவ்வளவு உயரம் எழுந்துவிடுகிறது. தென்கிழக்கிலிருந்து வருடம் முழுக்க ஈரக்காற்று வீசுகிறது. காலை வெயிலில் மலைச்சரிவுகள் சூடேறியதும் அந்தக் காற்று மேலேறி, குளிர்ந்து, மேகமாகிவிடும். பெரும்பாலான நாட்களில் ஒன்பது, பத்து மணிக்குள் இது தொடங்கிவிடும். மதியத்தில் பள்ளத்தாக்குகள் மூடிப்போய்விடும். சாயங்காலம் வெயில் இறங்கியதும் பல நாள் திரும்பக் கலையும்.

அதனால் திட்டத்தின் முதல் விதி இது: விடியும்போது நீங்கள் மலைமேல் இருக்க வேண்டும். அதற்கு முந்தின இரவே மலையில் தங்க வேண்டும். கடற்கரையை மதியத்துக்கும் கடைசி நாட்களுக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தியாவிலிருந்து போகிறவர்களுக்கு இதில் ஒரு வசதியும் இருக்கிறது. ரீயூனியன் நேரம் நம் நேரத்தைவிட ஒன்றரை மணி பின்னால். அங்கே காலை நாலரை என்றால் இங்கே ஆறு. முதல் சில நாட்கள் அலாரம் இல்லாமலேயே விழிப்பு வந்துவிடும். அந்த நாட்களை மலைக்குக் கொடுங்கள்.

[திரையில்: எரிமலைச் சாலை. பச்சைப் புல்வெளி முடிந்து செம்மண் நிறச் சமவெளி திறக்கிறது.]

சரி, எரிமலைக்கு வருவோம். தீவின் தென்கிழக்கில் இருப்பது பிதோன் தெ லா ஃபூர்னேஸ், உயரம் 2,632 மீட்டர். உலகில் மிக அடிக்கடி வெடிக்கும் எரிமலைகளில் இதுவும் ஒன்று. ஒரே வருடத்தில் பலமுறை வெடித்ததும் உண்டு. வெடிப்பு என்றதும் பயப்பட வேண்டாம். இங்கே வருவது பெரும்பாலும் பசால்ட் என்ற கரும்பாறை உருகிய இளக்கமான குழம்பு. சாம்பலை வானளாவத் தூக்கி எறியாமல், விரிசலிலிருந்து பொங்கி வழிந்து ஓடும். உச்சியைச் சுற்றி ஆங்க்லோ ஃபூக்கே என்ற பெரிய குதிரைலாட வடிவப் பள்ளம் இருக்கிறது. அதன் திறந்த வாய் கிழக்கே கடலைப் பார்த்திருப்பதால், பெரும்பாலான வெடிப்புகள் ஊர்ப்பக்கம் வராமல் அந்தப் பள்ளத்துக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன.

இதே எரிமலை ஊற்றுக்கு இந்தியாவோடு ஒரு பழைய உறவு உண்டு. பூமியின் ஆழத்திலிருந்து மேலெழும் இந்த வெப்ப ஊற்றின் மேல் சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் நகர்ந்துகொண்டிருந்தது இந்திய நிலத்தட்டு. மகாராஷ்டிரத்தில் நாம் பார்க்கும் தக்காணப் பீடபூமியின் கரும்பாறை அடுக்குகள் அப்போது வழிந்தவை என்பது புவியியலாளர்களின் பரவலான விளக்கம். தட்டு வடக்கே நகர நகர, லட்சத்தீவு, மாலத்தீவு வரிசையின் அடித்தளமும் பிறகு மொரிஷியஸும் உருவாயின. இப்போது அந்த ஊற்றின் மேல் இருப்பது ரீயூனியன். எனக்கு இந்தத் தீவு இவ்வளவு பிடித்துப்போனதற்கு இது ஒரு பெரிய காரணம்.

எரிமலைக்குப் போகும் முந்தின இரவு ப்ளேன் தே காஃப்ர் மேட்டுநிலத்தில், பூர் மியூரா என்ற ஊர்ப்பக்கம் தங்குங்கள். அங்கேதான் எரிமலைக் கண்காணிப்பு நிலையமும் எரிமலை அருங்காட்சியகமும் இருக்கின்றன. விடியலுக்கு முன் கிளம்பினால் வழியில் ப்ளேன் தே சாப்ல் வரும். புல் பூண்டு இல்லாத, செம்பழுப்பு நிறச் சமவெளி. இறங்கி ஐந்து நிமிடமாவது நில்லுங்கள். அதைத் தாண்டினால் பா தெ பெல்கோம்ப், ஏறத்தாழ 2,300 மீட்டர் உயரத்தில் பள்ளத்தின் விளிம்பு. கார் இதுவரைதான்.

[திரையில்: செங்குத்துப் பாறையில் இறங்கும் படிகள். கீழே கருங்குழம்பு வெளியில் ஒரு சின்னச் செங்கூம்பு.]

விளிம்பிலிருந்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகள் கீழே இறங்குகின்றன. இறங்கியதும் முதலில் எதிர்ப்படுவது ஃபார்மிகா லியோ என்ற சிறு செங்கூம்பு. அப்புறம் முழுக்கக் கறுப்பு. குழம்பு ஓடி உறைந்த விதம் காலடியிலேயே தெரியும். ஓரிடத்தில் முறுக்கிய கயிறுகளை அடுக்கி வைத்தாற்போல வழவழப்பாக இருக்கும். பத்தடி தள்ளி, செருப்பைக் கிழிக்கும் கூர்க்கற்களாகக் கிடக்கும். பாதை என்று தனியாக ஒன்று இல்லை. பாறையில் அடித்திருக்கும் வெள்ளைப் பெயின்ட் புள்ளிகள்தான் வழி. ஒரு புள்ளியில் நின்று அடுத்த புள்ளியைக் கண்ணால் பார்த்த பிறகுதான் நகர வேண்டும். மூடுபனி இறங்கி அடுத்த புள்ளி தெரியாமல் போனால், அதற்கு மேல் போகாமல் திரும்பிவிடுங்கள். உச்சிப் பள்ளமான தொலோமியூவின் பார்வை இடம் வரை போய்வர ஐந்து, ஆறு மணி நேரம் ஆகும். வழியில் நிழலும் இல்லை, தண்ணீரும் இல்லை. ஆளுக்கு இரண்டு லிட்டராவது கொண்டு போங்கள். ஜூலை, ஆகஸ்டில் விடிகாலை உறைபனிக் குளிர் இருக்கும், பத்து மணிக்குத் தோல் கருகும் வெயில் இருக்கும். ஸ்வெட்டரும் தொப்பியும் ஒரே பையில் இருக்கட்டும்.

2007 ஏப்ரலில் நடந்த பெரிய வெடிப்பில் இந்தத் தொலோமியூ பள்ளத்தின் தரை 300 மீட்டருக்கு மேல் உள்வாங்கியது. அதனால்தான் விளிம்புக்கு மிக அருகே போக விடமாட்டார்கள். கயிறு கட்டியிருந்தால் அதைத் தாண்டாதீர்கள்.

[திரையில்: பச்சை மலைச்சுவர்களுக்கு நடுவே தனித்தனி மேடுகளில் சிறு வீடுகள்.]

அடுத்து, சிர்க் எனப்படும் மூன்று பெரும் பள்ளத்தாக்குகள்: மஃபாத், சிலாவோஸ், சலாசி. பழைய எரிமலையான பிதோன் தெ நேழ் அணைந்த பின், சரிவும் மழையும் அதன் உடலைக் குடைந்து உண்டாக்கியவை. இந்தச் சிகரங்களையும் பள்ளத்தாக்குகளையும் 2010-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

மூன்றில் ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் நான் மஃபாத்தைத்தான் சொல்வேன். அங்கே சாலையே கிடையாது. நடந்து போக வேண்டும், இல்லையென்றால் ஹெலிகாப்டர். சில நூறு பேர் சின்னச் சின்ன ஊர்களில் வாழ்கிறார்கள். கரும்புத் தோட்டங்களும் காப்பித் தோட்டங்களும் அடிமைகளை வைத்து நடந்த காலத்தில், தப்பி ஓடிய அடிமைகள் ஒளிந்து வாழ்ந்த இடம் இது. மஃபாத் என்ற பெயரே அவர்களில் ஒரு தலைவனுடையது. சலாசி பக்கம் கோல் தே பியூஃப் கணவாயிலிருந்து லா நூவெல் என்ற ஊருக்கு இரண்டு மணி நேர நடை. அங்கே ழீத் எனப்படும் எளிய விடுதிகள் இருக்கின்றன. ராத்திரி எல்லோரும் சேர்ந்து ஒரே மேசையில் சாப்பாடு: சோறு, பருப்பு அல்லது பீன்ஸ், ஒரு கறிக்குழம்பு, காரமான ருகாய் என்ற சட்னி. சைவம் என்றால் அறை பதியும்போதே சொல்லிவிட வேண்டும். மேலே போன பிறகு சொன்னால் சமைக்க அங்கே பொருள் இருக்காது, அத்தனையும் ஹெலிகாப்டரில் வருவது. படுக்கைகள் குறைவு. அதனால் பயணத்தில் முதலில் பதிய வேண்டியது இந்த ழீத்தைத்தான், காரும் ஹோட்டலும் அப்புறம்.

சிலாவோஸுக்குக் கார் போகும். ஆனால் வழியில் நானூறுக்கும் மேல் வளைவுகள், ஒரு வண்டி மட்டும் நுழையக்கூடிய சுரங்கங்கள். வாந்தி வருகிறவர்கள் மாத்திரை போட்டுக்கொள்ளுங்கள். அங்கே வாகனம் ஓடுவது சாலையின் வலப்பக்கம். நம் ஊர்ப் பழக்கத்தோடு முதல் நாளே இந்தச் சாலையில் ஏற வேண்டாம். இரண்டு நாள் மற்ற எளிதான சாலைகளில் ஓட்டிப் பழகிய பிறகு ஏறுங்கள். பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியை ஊரிலேயே வாங்கி வையுங்கள்.

[திரையில்: பவளத்திட்டுக்கு உட்புறம் தெளிந்த நீர். திட்டுக்கு வெளியே உடையும் அலை.]

கடல். இதில் சமரசம் வேண்டாம். 2011-லிருந்து அடுத்தடுத்து நடந்த சுறாத் தாக்குதல்களில் பலர் இறந்தார்கள். 2013-லிருந்து, பவளத்திட்டுக்கு உட்பட்ட கடல்நீர்ப்பரப்பையும் காவலுள்ள இடங்களையும் தவிர வேறெங்கும் கடலில் இறங்கத் தடை வந்தது. மேற்குக் கரையில் லெர்மித்தாழ், லா சலீன் பகுதிகளில் திட்டுக்கு உள்ளே ஆழம் குறைவு, குழந்தைகளோடு இறங்கலாம். வேறு கரையில் எவ்வளவு அழகான கருமணல் இருந்தாலும், பலகையில் தடை என்றால் இறங்காதீர்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை கூன்முதுகுத் திமிங்கிலங்கள் குட்டியோடு கரைப்பக்கம் வரும்.

மாதத்தைப் பொறுத்தவரை மே முதல் நவம்பர் வரை நல்லது. டிசம்பரிலிருந்து மார்ச் வரை புயல் காலம். இங்கே பெய்யும் மழையை நாம் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 2007 பிப்ரவரியில் கமேத் புயலின்போது எரிமலைப் பகுதியில் மூன்று நாளில் 3,929 மில்லிமீட்டர் கொட்டியது. அது உலகச் சாதனை. மழைக்குப் பிறகு மலைப்பாதைகள் பல நாள் மூடிக் கிடக்கும்.

[திரையில்: செயின்ட் ஆந்த்ரே ஊரில் ஒரு கோயில் கோபுரம்.]

கிழக்குக் கரைக்கு ஒரு முழு நாள் கொடுங்கள். 1848 டிசம்பர் 20 அன்று இங்கே அடிமைமுறை ஒழிந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட, புதுச்சேரி, காரைக்கால், சென்னை வழியாக ஒப்பந்தக் கூலிகளாக ஆயிரக்கணக்கில் கொண்டுவரப்பட்டவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். அவர்களின் வழிவந்தவர்களை இங்கே மலபார் என்கிறார்கள். வீட்டுமொழி, பிரெஞ்சிலிருந்து பிறந்த கிரியோல் ஆகிவிட்டது. தமிழில் பேசினால் பதில் வராமல் போகலாம். ஆனால் கோயில், காவடி, திரௌபதிக்கான தீமிதி எல்லாம் உயிரோடு இருக்கின்றன. முருங்கைக்கீரை சந்தையில் கிடைக்கிறது, மசாலே என்ற பெயரில் நம் மசாலா ஆட்டுக்கறியில் மணக்கிறது. செயின்ட் ஆந்த்ரே கோயில்களுக்குப் போனால் தோல் பொருட்களை வெளியே வைத்துவிட்டு, கேட்டுவிட்டுப் படம் எடுங்கள். அங்கே கும்பிடுகிறவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கஷ்டப்பட்டுக் காத்த இடம் அது.

அப்படியே தெற்கே இறங்கினால் பிதோன் செயின்ட் ரோஸ். 1977-ல் குழம்பு வழக்கமான பள்ளத்துக்கு வெளியே வெடித்து இந்த ஊருக்குள் வந்தது. மக்கள் முன்பே வெளியேறியிருந்தார்கள். வீடுகள் அழிந்தன. தேவாலயத்தின் முன் குழம்பு இரண்டாகப் பிரிந்து சுவர்களைச் சூழ்ந்து, வாசலில் நின்றுபோனது. இன்றும் கதவுக்குப் பக்கத்திலேயே அந்தக் கரும்பாறையைக் கையால் தொடலாம்.

விசா விஷயம். ரீயூனியன் பிரான்ஸ்தான், ஆனால் பல ஐரோப்பிய நாடுகளுக்கு ஒரே விசா செல்லும் ஷெங்கன் பகுதியில் சேராது. சாதாரண ஷெங்கன் விசா கையில் இருக்கிறது என்று கிளம்பிவிடாதீர்கள். விண்ணப்பத்திலேயே ரீயூனியன் என்று குறிப்பிட வேண்டும். மொரிஷியஸோடு சேர்த்துப் போட்டால் விமானத் தேர்வுகள் அதிகம்.

கடைசியாக, நீங்கள் அங்கே இருக்கும்போதே எரிமலை வெடித்தால்? வெடிப்பு நெருங்குகிறது என்ற அறிகுறி தெரிந்ததுமே பள்ளத்துக்குள் இறங்கும் வாயிலை நிர்வாகம் மூடிவிடும். உள்ளே நடக்க முடியாது. அதனால் எரிமலைக்கென்று ஒரு நாளோடு, திட்டத்தில் ஒரு மாற்று நாளும் காலியாக வையுங்கள். மூடியதும் எல்லோரும் ஊர் திரும்புவதில்லை. குழம்பு எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதைப் பொறுத்து, மேலே விளிம்பின் பார்வை இடங்களிலிருந்தோ கிழக்கே கடற்கரைச் சாலையிலிருந்தோ பார்க்க அனுமதிப்பார்கள். உள்ளூர் வானொலியிலும் நிர்வாகத்தின் அறிவிப்பிலும் எந்த வழி திறந்திருக்கிறது என்று சொல்வார்கள். தீவே கிளம்பி வரும், கார்கள் கிலோமீட்டர் கணக்கில் நிற்கும். நள்ளிரவு தாண்டி இரண்டு, மூன்று மணிக்குப் போங்கள். கூட்டம் குறைந்திருக்கும், மேகமும் பெரும்பாலும் கலைந்திருக்கும். டார்ச், தண்ணீர், கனமான ஸ்வெட்டர், காரில் முழு டேங்க் பெட்ரோல்.