சட்டத்தை விற்றாலும் படத்தை விடாதீர்கள்

(காரைக்குடியில் ஒரு புகைப்படக் கண்காட்சித் திறப்பு விழாவில் பேசியது)

விழாவுக்குத் தலைமையேற்றிருக்கும் பெரியவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் கல்லூரி முதல்வர் அவர்களே, கண்காட்சிக்காகத் தம் வீட்டு முகப்பையும், முற்றத்தைச் சூழ்ந்த உள்வீடான வளவையும் திறந்துவிட்ட செட்டியார் அவர்களே, கானாடுகாத்தானிலிருந்தும் தேவகோட்டையிலிருந்தும் வந்திருக்கும் ஆச்சிமார்களே, படமெடுத்த தம்பி தங்கைகளே, அனைவருக்கும் வணக்கம். தலைவர் ஐயா இந்த வயதிலும் ஒவ்வொரு படத்தின் முன்னாலும் நின்று, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்கள். எனக்குப் போர்த்திய பொன்னாடையை அவர்களுக்கே போர்த்தியிருக்க வேண்டும்.

தனித்தனிப் படங்களை ஒன்றாகச் சேர்த்து, நடக்காததை நடந்ததுபோல் காட்டும் கலை இது. மூன்று செய்திகள் சொல்ல வந்திருக்கிறேன். இந்தப் படங்கள் என்னை என்ன செய்தன, கம்ப்யூட்டர் இல்லாமலே இந்தக் கலை எப்படி நடந்தது, நம் வீட்டுப் பழைய படங்களின் கதி என்ன.

கல்லைக் கண்டால் நாயைக் காணோம், நாயைக் கண்டால் கல்லைக் காணோம். எந்த மேடையிலும் நான் சொல்லும் பழமொழி இது. கல்லில் செதுக்கிய நாய் அத்தனை தத்ரூபம். நாயாகப் பார்த்தவனுக்குக் கல் மறைந்துவிடுகிறது. இந்த வீட்டுக் கூடமான பட்டாலையில் மாட்டியிருக்கும் அந்தப் பெரிய படத்தின் முன்னால் எனக்கு அதுதான் நடந்தது. நாலு பக்கமும் தூண், நடுவில் முற்றம், முற்றம் நிறையக் கடல். தண்ணீருக்கடியில் ஆத்தங்குடித் தரைக்கல்லின் பூ தெரிகிறது. நிலைவாசல் வழியாக ஒரு பாய்மரக் கப்பல் உள்ளே வருகிறது. கடலைப் பார்த்தால் வீட்டைக் காணோம், வீட்டைப் பார்த்தால் கடலைக் காணோம். கொஞ்ச நேரத்தில் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. நம் தூணெல்லாம் பர்மாத் தேக்கு. அந்த மரம் வந்ததும் கடல் வழி, நம் வீட்டு ஆண்கள் வெளிநாட்டில் தொழில் செய்ய, நம் பேச்சில் கொண்டுவிற்க, போனதும் கடல் வழி. நடக்கவே முடியாத ஒன்றைக் காட்டி, நம் வீட்டில் நடந்ததைச் சொல்லிவிட்டது அந்தப் படம்.

இதற்கெல்லாம் கம்ப்யூட்டர் வேண்டும் என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் ஜெரி யூல்ஸ்மன் என்று ஒரு புகைப்படக்காரர், 2022இல்தான் காலமானார். இருட்டறையில், நெகடிவைப் பெரிதாக்கித் தாளில் விழவைக்கும் என்லார்ஜர்கள் பலவற்றை வரிசையாக வைத்து, ஒரே தாளை ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நகர்த்தி அச்சிடுவார். மரத்தின் வேர்மேல் ஒரு வீடு நிற்கும், 1982இல் செய்தது. 1948இல் பிலிப் ஹால்ஸ்மன் என்ற புகைப்படக்காரர், ஓவியர் சால்வதோர் டாலியை அந்தரத்தில் துள்ளவைத்து, பூனைகளை வீசி, வாளித் தண்ணீரை ஊற்றி எடுத்த படம் 28ஆவது தடவைதான் சரியாக அமைந்தது.

அவ்வளவு தூரம் போவானேன்? எங்கள் அப்பத்தா கதையைச் சொல்கிறேன்.

ஐயா, அதாவது எங்கள் தாத்தா, பர்மாவில் இரங்கூனில் இருந்தார்கள். மூன்று வருஷக் கணக்கு, அது முடிந்தால்தான் ஊர் வரலாம். கல்யாணமாகி இருவரும் சேர்ந்து ஒரு படம் எடுத்துக்கொள்ளவில்லை. ஐயா அங்கே ஸ்டூடியோவில் கோட்டும் தலைப்பாகையுமாக நின்று ஒரு படம் எடுத்து அனுப்பினார்கள். அப்பத்தா இங்கே கண்டாங்கி கட்டி, நாற்காலியில் உட்கார்ந்து எடுத்துக்கொண்டார்கள். ஸ்டூடியோக்காரர் இரண்டையும் கத்தரித்து ஒட்டி, பின்னால் திரையும் மாடிப்படியும் தூரிகையால் எழுதி, மறுபடி படமெடுத்துக் கொடுத்தார். ஐயாவின் நிழல் இடப்பக்கம் விழும், அப்பத்தாவின் நிழல் வலப்பக்கம். ஐயாவின் செருப்பு தரையில் படாது. நாற்காலி முதுகில் ஐயா கை வைத்திருப்பார்கள். இரங்கூனில் அந்தக் கை இருந்தது பூச்சாடி ஸ்டாண்டின் மேல்!

யார் வந்து கேட்டாலும், "உங்க ஐயா வந்திருந்தப்ப எடுத்தது" என்பார்கள் அப்பத்தா. ஒருநாள் உறவுக்காரர் ஒருவர் பக்கத்தில் போய் உற்றுப் பார்த்துவிட்டு, "ஆச்சி, இது ஒட்டுன படமுல்ல?" என்று கேட்டுவிட்டார். வீடே பேச்சடங்கிவிட்டது. அப்பத்தா வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார்கள்: "ஒட்டுனா என்னப்பு? பிரிக்க முடியாதுல்ல?"

(நீண்ட கைதட்டல்)

அந்தப் படம் இன்று எங்கள் வீட்டில் இல்லை. பாகம் பிரித்தபோது சாமான்களோடு சாமானாகப் போய்விட்டது. பிறகு ஒரு பழம்பொருள் கடையில் ஒரு காட்சி பார்த்தேன். நம்மூர்த் தேக்குச் சட்டங்கள், மூலையில் பூவேலைப்பாட்டோடு, முகம் பார்க்கும் கண்ணாடி பதித்து வரிசையாக நிற்கின்றன. உள்ளே இருந்த படங்கள் கொல்லைப்புறத்தில் பழைய பேப்பர்க் கட்டோடு கிடந்தன. கல்லைக் கண்டால் நாயைக் காணோம் என்றேனே, இங்கே சட்டத்தைக் கண்டவர்கள் படத்தைக் காணவில்லை. தேக்குக்கு விலை உண்டு, அப்பத்தாவுக்கு இல்லை. யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலில் 2014இலேயே செட்டிநாடு ஏறிவிட்டது, பெருமைதான். ஆனால் அந்த வீடுகளில் வாழ்ந்த முகங்களை யார் பட்டியல் போடுவது?

ஆகையால் தலைவர் ஐயாவிடமும் முதல்வர் அவர்களிடமும் இந்த மேடையிலேயே கேட்கிறேன். ஊருக்கு ஒரு வளவில், ஒரு அறை கொடுங்கள். படமெடுக்கும் இந்தப் பிள்ளைகள் வீடு வீடாக வந்து ஸ்கேன் செய்யத் தயாராக இருக்கிறார்கள், நான் கேட்டுவிட்டேன். மூலப்படம் உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும். ஆச்சிமார்களே, படத்தில் இருப்பவர் பெயர் தெரிந்த கடைசி ஆள் நீங்கள்தான். இன்று ராத்திரியே படத்தை இறக்கி, பின்பக்கம் பென்சிலால் பெயரும் ஊரும் எழுதி வையுங்கள். பேனா வேண்டாம், மை முன்பக்கம் ஊறிவிடும். கரையான் அரித்ததையும் பூஞ்சை பிடித்ததையும்கூடத் தூக்கி எறிய வேண்டாம். வாசலில் நோட்டுப் புத்தகத்தோடு ஒரு தங்கை உட்கார்ந்திருக்கிறாள், போகும்போது வீட்டு விலாசத்தைக் கொடுத்துவிட்டுப் போங்கள். நன்றி, வணக்கம்.