நலக்கல்வி பாடவேளையை விட்டுக்கொடுக்காதீர்கள்

(பணியிடைப் பயிற்சி முகாம் ஒன்றில் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளி ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

ஆசிரியப் பெருமக்களுக்கு வணக்கம்.

மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் சுகாதாரத் திட்டத்தின் கீழ் வரும் பள்ளி நலவாழ்வுத் திட்டம் 2020 பிப்ரவரியில் தொடங்கியது. பள்ளிக்கு ஓர் ஆசிரியர், ஓர் ஆசிரியை எனப் பயிற்சி பெற்ற இருவர் வாரம் ஒரு பாடவேளை எடுக்க வேண்டும். மனநலம், சத்துணவு, போதைப்பழக்கம், இணையப் பாதுகாப்பு என்று 11 தலைப்புகள். ஏட்டில் குறையில்லை. ஆனால் காலாண்டுத் தேர்வு நெருங்கினால் என்ன நடக்கிறது? "போர்ஷன் முடியல, உங்க பீரியடைக் கொஞ்சம் தரீங்களா?" என்று கணக்கு ஆசிரியர் கேட்கிறார், நாமும் கொடுத்துவிடுகிறோம். கொடுக்காதீர்கள் என்று கேட்கத்தான் வந்திருக்கிறேன்.

வாரந்தோறும் கொடுக்கும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையையே எடுத்துக்கொள்ளுங்கள். 60 மில்லிகிராம் இரும்பும், அதோடு ஃபோலிக் அமிலமும் அதில் இருக்கின்றன. பதிவேட்டில் எல்லோரும் விழுங்கியதாகக் கணக்கு இருக்கும். வகுப்பறை ஜன்னலுக்கு வெளியே போய்ப் பார்த்தால் மண்ணில் நீலப் பொட்டுகளாகக் கிடக்கும். பிள்ளைகளை அதட்டிப் பயனில்லை. வெறும் வயிற்றில் போட்ட ஒருத்தி வாந்தி எடுத்திருப்பாள். மலம் கறுப்பாகப் போனதைப் பார்த்து இன்னொருத்தி பயந்திருப்பாள். கறுப்பாகப் போவது உடம்பு ஏற்காமல் விட்ட இரும்பால்தான், பயப்பட வேண்டாம் என்று அவளிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். சாப்பிட்ட பிறகு போடு, உடனே டீ குடிக்காதே, டீ இரும்பைச் சேரவிடாது. நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்த்துக்கொண்டால் நன்றாகச் சேரும். இவ்வளவையும் சொல்லப் பத்து நிமிடம் போதும். 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி நம் தமிழ்நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ரத்தசோகை. மதியத்துக்கு மேல் டெஸ்கில் தலை சாய்க்கும் பெண்ணைச் சோம்பேறி என்பதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, பத்தாம் வகுப்பு அறிவியலில் இனப்பெருக்கப் பாடம். "வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று பல இடங்களில் தாண்டிவிடுகிறோம். கூச்சம் எனக்குப் புரிகிறது. நாம் வாயைத் திறக்காவிட்டால் பஸ் ஸ்டாண்ட் சுவர் பேசிவிடும். 'இளமையில் செய்த தவறா? நரம்புத் தளர்ச்சியா?' என்று ஒட்டியிருக்கும் லாட்ஜ் வைத்தியரின் போஸ்டரை ஒன்பதாம் வகுப்புப் பையன் தினமும் படித்துக்கொண்டுதான் பள்ளிக்கு வருகிறான். தூக்கத்தில் விந்து வெளியேறுவது வளரும் வயதில் இயல்பு, அதனால் உடம்பு கெடாது என்று ஒரே ஒரு வரி நாம் சொன்னால் அவன் பயம் போய்விடும்.

கேள்விப் பெட்டி வையுங்கள். எல்லோரும் ஒரு சீட்டு போட வேண்டும். கேட்க எதுவும் இல்லாதவர்கள் 'கேள்வி இல்லை' என்றாவது எழுதிப் போடட்டும். அப்போதுதான் யார் கேட்டது என்று யாருக்கும் தெரியாது. 'மாதவிடாய் நாளில் ஓடலாமா?', 'எனக்கு மட்டும் இன்னும் மீசை வரவில்லை, குறையா?' என்றெல்லாம் வரும். சிரிக்காமல், சுற்றி வளைக்காமல் பதில் சொல்லுங்கள். அப்புறம், மாதவிடாய் பற்றிப் பேசும்போது பையன்களை கிரவுண்டுக்கு அனுப்பாதீர்கள். பாவாடையில் கறை பட்ட பெண்ணைப் பார்த்துச் சிரிப்பவனுக்குத்தான் அந்தப் பாடம் முதலில் வேண்டும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். பாதுகாப்பான தொடுதல் பற்றி நீங்கள் பாடம் எடுத்த அன்றோ, ஒரு மாதம் கழித்தோ ஒரு பிள்ளை தயங்கித் தயங்கி வந்து நிற்கலாம். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, அப்படியொரு குற்றம் நடந்தது தெரிய வந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும், மறைப்பது குற்றம். பள்ளியின் பெயர் கெட்டுவிடும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். "என்னிடம் சொன்னது நல்லது. உன் மேல் எந்தத் தப்பும் இல்லை. உன்னைப் பாதுகாக்க இதை இன்னும் சிலரிடம் நான் சொல்ல வேண்டியிருக்கும்." பிள்ளையிடம் இவ்வளவு பேசினால் போதும். துருவித் துருவி விசாரிப்பது நம் வேலையில்லை. குழந்தைகள் உதவி எண் 1098.

தேர்வு முடிவு வரும் சமயத்துக்கு இன்னொரு எண், 14416. மனநல ஆலோசனைக்கான டெலிமானஸ், 2022இல் தொடங்கியது. தேர்வு முடிந்து போன பிள்ளை ரிசல்ட் அன்று வகுப்பில் இருக்காது. அதனால் கடைசிப் பரீட்சைக்கு முன்பே நோட்டில் எழுத வைத்துவிடுங்கள். மனம் உடைந்து பேசும் பிள்ளையிடம் எண்ணை மட்டும் கொடுத்துவிட்டு நகராதீர்கள். பெரியவர் ஒருவர் வரும்வரை கூடவே இருங்கள்.

ஜூனில் கால அட்டவணை போடும்போது தலைமையாசிரியரிடம் பேசி, இந்தப் பாடவேளையை வெள்ளிக்கிழமை கடைசி மணியிலிருந்து மாற்றிக் காலைக்குக் கொண்டுவாருங்கள். மேசை மேல் ஓர் அட்டைப் பெட்டி இருக்கிறது. டீ குடித்துவிட்டு ஆளுக்கொரு சீட்டு போடுங்கள். வகுப்பில் நீங்கள் பதில் சொல்லத் தயங்கும் கேள்வி எதுவோ, அதையே எழுதுங்கள். அடுத்த அமர்வில் அவற்றைத்தான் எடுக்கப்போகிறோம்.