கொம்பியேன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்: பாடத்தை மாணவரே தேர்ந்து கட்டும் படிப்பு

நேயர்களுக்கு வணக்கம். பிரான்ஸில் பிள்ளையைப் பொறியியல் படிக்க வைக்க வேண்டும் என்றால், தெரிந்தவர்கள் முதலில் சொல்லும் வழி பிரெப்பாதான். பள்ளி இறுதித் தேர்வான பாக் முடித்ததும் இரண்டு ஆண்டு மூச்சுவிடாமல் கணிதமும் இயற்பியலும். பிறகு போட்டித் தேர்வு. அதில் வாங்கிய இடத்தைப் பொறுத்து ஒரு பொறியியல் பள்ளி. இதற்கு மாற்றாக 1972-ல் அரசே தொடங்கியதுதான் கொம்பியேன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். அணுசக்தித் துறையிலிருந்து வந்த கீ தெனியெலூ என்ற பொறியாளர் அதன் முதல் தலைவர். பின்னாளில் இதே முறையில் துருவாவிலும், பெல்ஃபோர் – மொன்பெலியாரிலும் இரண்டு பல்கலைக்கழகங்கள் தோன்றின.

கொம்பியேன், பாரிஸுக்கு வடக்கே ஏறத்தாழ 80 கிலோமீட்டர். பாரிஸின் கார் து நோர் நிலையத்தில் ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். பாரிஸில் லா ஷப்பல் பக்கம் குடியிருக்கும் நம் தமிழ்க் குடும்பங்களுக்கு அது நடந்து போகிற தூரத்தில் இருக்கிற நிலையம். அப்படியிருந்தும் இந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் நம்மவர்களிடம் அதிகம் புழங்கவில்லை என்பது எனக்கு வருத்தம்தான்.

இங்கே படிப்பு ஐந்து ஆண்டு, அதாவது பத்துப் பருவம். முதல் நான்கு பருவமும் எல்லோருக்கும் பொதுவான அடிப்படைப் படிப்பு. அடுத்த ஆறு பருவம் தேர்ந்தெடுத்த துறையில்: இயந்திரவியல், கணினி, உயிரியல், வேதிச் செயல்முறை, நகர அமைப்பு. பாக்குக்குப் பிறகு வேறிடத்தில் இரண்டு ஆண்டு படித்தவர்கள் நேரே துறையில் சேரவும் இடம் உண்டு.

மற்ற பொறியியல் பள்ளிகளுக்கும் இதற்கும் உள்ள பெரிய வேறுபாடு, இங்கே 'இரண்டாம் ஆண்டு வகுப்பு' என்று எல்லோரும் சேர்ந்து உட்காரும் ஒன்று கிடையாது. பாடம் ஒவ்வொன்றையும் 'யூவே' என்கிறார்கள். இரண்டு எழுத்தும் இரண்டு எண்ணும் சேர்ந்ததுதான் அதன் பெயர். கணினித் துறையில் 'என்எஃப் 16' என்றால் அல்காரிதமும் தரவுக் கட்டமைப்பும். 'எல்ஓ 21' என்றால் பொருள்நோக்கு நிரலாக்கம். ஒவ்வொரு பருவத்துக்கும் முன்னால் மாணவர் தம் ஆலோசகரோடு பேசி, எந்தெந்த யூவே என்று தாமே பட்டியல் போட வேண்டும். பருவத்துக்குச் சுமார் 30 கிரெடிட்.

யூவேக்களில் மூன்று வகை முக்கியம். அறிவியல் அறிவு சார்ந்தவை, தொழில்நுட்ப முறைகள் சார்ந்தவை. இந்த இரு வகையிலும் ஒரு யூவேக்குப் பொதுவாக ஆறு கிரெடிட். மூன்றாவது வகை மனிதவியல்: மொழி, பொருளாதாரம், தத்துவம், தொழில்நுட்ப வரலாறு. இதில் ஒரு யூவேக்கு நான்கு. பட்டம் வாங்க மொத்தக் கிரெடிட் மட்டும் போதாது. ஒவ்வொரு வகையிலும் குறைந்தபட்ச அளவு நிரம்பியிருக்க வேண்டும். நல்ல மாணவர்களே தடுக்கி விழும் இடம் இது. பிடித்த கணினிப் பாடங்களாக எடுத்துத் தள்ளிவிட்டு, மனிதவியலைக் கடைசிக்கு ஒதுக்கி வைப்பார்கள். பல யூவேக்கள் இலையுதிர் பருவத்தில் மட்டும் நடக்கும், அல்லது வசந்த பருவத்தில் மட்டும். கடைசியில் தேவையான யூவே அந்தப் பருவத்தில் இருக்காது. இருந்தாலும் வேறொரு பாடத்தோடு கால அட்டவணையில் மோதும். விளைவு, கூடுதலாக ஒரு பருவம்.

மனிதவியல் பாடம் வெறும் இட்டுநிரப்பல் இல்லை என்பதையும் அழுத்திச் சொல்ல வேண்டும். தொழில்நுட்பத்தைப் பற்றிச் சிந்தித்த தத்துவ அறிஞர் பெர்னார் ஸ்டீக்ளேர் இங்கேதான் பாடம் நடத்தினார். இயந்திரம் செய்யத் தெரிந்தவருக்கு அந்த இயந்திரம் மனிதரை என்ன செய்கிறது என்றும் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிற நிறுவனம் இது. எனக்கு இந்தப் பல்கலைக்கழகத்தின் மேல் மதிப்பு வந்ததே அதனால்தான்.

தேர்வு முறைக்கு வருவோம். பருவ நடுவில் 'மெதியான்', முடிவில் 'ஃபினால்'. இடையில் செய்முறை, குழுத் திட்டம். தேறியவர்களுக்கு மதிப்பு ஏ முதல் இ வரை எழுத்தில் வரும். ஒரு யூவேயில் தேறாமல் போய்விட்டால் ஆண்டு முழுவதையும் திரும்பப் படிக்கச் சொல்ல மாட்டார்கள். அதையே மறுபடி எடுக்கலாம். கட்டாயப் பாடம் இல்லையென்றால் அதே வகையில் வேறொன்றை எடுத்துக் கிரெடிட்டை நிரப்பலாம். ஆனால் பருவ முடிவில், முடிவெடுக்கும் குழுவான ஜூரி உட்காரும். தொடர்ந்து பல யூவேக்கள் போனால் எச்சரிக்கை வரும், அதன்பிறகு வெளியேற்றமும் உண்டு. தந்த சுதந்திரத்துக்குக் கணக்குக் கேட்கிறார்கள்.

அடுத்தது ஸ்தாஜ், அதாவது நிறுவனத்தில் வேலைப் பயிற்சி. துறையில் உள்ள ஆறு பருவத்தில் இரண்டு முழுக்க நிறுவனத்தில். முதலாவது 'டிஎன் 09', உதவிப் பொறியாளராக ஆறு மாதம். கடைசிப் பருவத்தில் 'டிஎன் 10', பட்ட நிறைவுக்கான ஆறு மாதம். பாக் முடித்து நேரே சேர்ந்தவர்களுக்கு அடிப்படைப் படிப்பின்போது தொழிலாளியாக ஒரு மாத வேலையும் உண்டு. பட்டறைத் தரையில் நின்று பார்க்காமல் வரைபடம் போடக் கூடாது என்பதுதான் அதன் நோக்கம். நிறுவனத்தை மாணவரே தேட வேண்டும். ஆறு மாதம் முன்கூட்டியே தொடங்காவிட்டால் கிடைத்ததைப் பிடித்துக்கொண்டு போக நேரும். நிறுவனம், மாணவர், பல்கலைக்கழகம் மூன்று தரப்பும் ஒப்பமிட்ட 'கொன்வான்சியோன்' என்ற ஒப்பந்தம் கையில் இல்லாமல் முதல் நாள் வேலைக்குப் போகக் கூடாது; விபத்து நடந்தால் காப்பீடு அதைப் பொறுத்துத்தான். இரண்டு மாதத்துக்கு மேற்பட்ட ஸ்தாஜுக்கு நிறுவனம் பணம் கொடுத்தாக வேண்டும் என்பது பிரெஞ்சுச் சட்டம். குறைந்தபட்சத் தொகை மணிக்கு 4 யூரோவுக்குச் சற்று மேல். பாரிஸில் அறை வாடகைக்கே அது பற்றாது. எனவே ஸ்தாஜ் தேடும்போது ஊரையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

சேருவது எப்படி? லிசே என்ற மேல்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு, அரசின் இணைய விண்ணப்பத் தளமான பார்கூர்சூப் வழிதான். விருப்பங்களைப் பதிவது ஜனவரி நடுவிலிருந்து மார்ச் வரை. மதிப்பெண்களும் ஆசிரியர் குறிப்பும் அடங்கிய தோசியேயை, அதாவது விண்ணப்பக் கோப்பைப் பார்ப்பார்கள். தேறியவர்களை நேர்காணலுக்கு அழைப்பார்கள். ஆகவே லிசேயின் கடைசி ஆண்டான தெர்மினாலில் கணிதத்தைக் கைவிட வேண்டாம். இயற்பியல்-வேதியியலோடு சேர்த்து வைத்திருப்பதே நல்லது. இந்தியாவிலிருந்து விண்ணப்பிப்பவர்கள் பிரெஞ்சு அரசின் கல்வி அமைப்பான கம்பஸ் பிரான்ஸ் மூலமாகப் போக வேண்டும். பாடம் பெரும்பாலும் பிரெஞ்சில் என்பதால் ஐரோப்பிய மொழித்தர அளவுகோலில் பி2 அளவு பிரெஞ்சு இல்லாமல் சமாளிப்பது கடினம். கட்டணத்தை அரசே நிர்ணயிக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தவருக்கு ஆண்டுக்குச் சுமார் 600 யூரோ. வெளிநாட்டவருக்கு அதைவிடக் கூடுதல். சேரும் ஆண்டின் தொகையைப் பல்கலைக்கழகத்திடமே கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

ஆங்கிலத்தை மறக்க வேண்டாம். எல்லா யூவேயும் தேறி, இரண்டு ஸ்தாஜும் முடித்து, ஆங்கிலத்தில் பி2 சான்று இல்லாததால் பட்டம் நின்றுபோகிறவர்கள் பொறியியல் பள்ளிகளில் உண்டு. அந்தத் தேர்வை இறுதி ஸ்தாஜுக்கு முன்பே எழுதி முடித்துவிடுங்கள். வேலைக்குப் போன பிறகு அதற்கு நாள் ஒதுக்குவது பெரும்பாடு.

வணக்கம்.